ஒரு சொட்டும் ஏறாத படகு

படகுப் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் அவள் மெத்தைக் கடையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த மெத்தையின்மேல் கடைக்காரர் முழங்கையை ஊன்றிப் பார்ப்பார். முழங்கை உள்ளே போனால் மெத்தை அவளிடமே திரும்பி வரும். "இது என்ன, மெத்தையா மேகமா? பிரிச்சு அடை." அப்படித் திரும்பி வந்ததெல்லாம் முதல் வருடத்தோடு சரி. பிறகு அவள் அடைத்த மெத்தையில் ஏறிக் குதித்தாலும் ஒன்றும் ஆகாது. இறுக்குவது என்பது அவள் விரல்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தம்பிக்குச் சாப்பாட்டு டப்பா கட்டினாலும் அப்படித்தான், மூடி மூடாது.

பட்டறையில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே எதற்கும் ஒன்றும் சொல்கிறவள் இல்லை. நாலு பேர் நின்ற இடத்தில் அவளும் நின்றாள் என்பது, அவள் எழுந்து போன பிறகுதான் யாருக்காவது ஞாபகம் வரும்.

வீடு ஆற்றங்கரையில் இருந்தது. ஆறு அந்த இடத்தில் அகன்று, கடலுக்குப் போக மனசில்லாமல் படுத்துக் கிடக்கும். அப்பா செங்கல் ஏற்றும் படகு வைத்திருந்தார். தம்பியைப் பெற்ற கையோடு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள் அவள். ஒரு நாள் அவன் ஆசிரியையின் மேசையை நனைத்து வைத்தான். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் அவள் போகவில்லை. வா என்று கூப்பிடவும் ஆள் வரவில்லை.

அவன் பாதி அவள் இடுப்பிலும் மீதி அப்பாவின் படகிலும் வளர்ந்தான். மீசை முளைக்கும் முன்பே சுக்கான் பிடிக்க ஆரம்பித்தான். அவன் பின்னால் நின்று சுக்கானைப் பிடிக்க, அப்பா நடுவில் குந்தி, அடிப்பலகைக்குக் கீழே ஊறி நிற்கும் தண்ணீரைத் தகர டப்பாவால் அள்ளி வெளியே வீசிக்கொண்டே வருவார். மரப் படகு என்றால் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். "படகுக்கு வேர்க்குது," என்பார். அந்தப் படகு வேர்த்துக்கொண்டேதான் இத்தனை வருடம் செங்கல் சுமந்தது.

தம்பிக்கு நகரத்தில் பெண் எடுத்தார்கள். டயர் கடைக்காரர் மகள். குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைக் கிட்டப் போய்ப் பார்க்காதவள். புது மருமகளாக அந்தப் படகில்தான் அவள் ஆற்றைக் கடந்து வந்தாள். பாதி ஆற்றில் அவளுடைய புதுச் செருப்பு நனைந்தது, பிறகு கணுக்கால் நனைந்தது. "பயப்படாதேம்மா, படகுக்கு வேர்க்குது," என்று அப்பா டப்பாவும் கையுமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்த கையைக் கரை வரும்வரை எடுக்கவில்லை. இறங்கியபோது உள்ளங்கை முழுக்கத் தார் அப்பியிருந்தது. பஞ்சக்காதான் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டாள். படகு விளிம்பின் வரி அந்தக் கையில் ஆழமாகப் பதிந்திருந்ததை அவள் மட்டும் பார்த்தாள்.

பிறகு பாலம் வந்தது. செங்கல் லாரி ஏறிப் போனது. அப்பாவும் போனார், அந்தப் பாலத்தின்மேல் ஒரு தடவைகூடக் கால் வைக்காமலே. படகை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக் கவிழ்த்துப் போட்டார்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அது முட்டையிடும் இடமாயிற்று. தம்பி பெண்டாட்டியோடு நகரத்துக்குப் போய் மாமனாரின் டயர் கடையில் சேர்ந்தான்.

மாமனார் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் படகோட்டி, அந்த ஸ்பானரை எடு," என்பார், வாடிக்கையாளர் காதில் விழும்படி. பஞ்சரான ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. கடைக்கு மேலே ஸ்டாக் அறைக்குப் பக்கத்து அறையில் குடித்தனம். தலையணையில்கூட ரப்பர் வாடை.

"இப்போ எனக்குக் கிடைச்ச ஆறு இந்தத் தொட்டிதான்க்கா. முகம் கழுவக்கூடப் பத்தாது," என்று போனில் சிரிப்பான்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டான். அந்த நேரத்தில்தான் அவன் என்ன சொல்கிறான் என்று அவளுக்குக் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு ஒரு மேடம் வந்தார். கரையில் மக்கிக் கிடக்கும் பழைய படகுகளைச் சரிசெய்து, வெளியூர்க்காரர்களை ஏற்றி ஆற்றில் சுற்றிக் காட்டுவது என்று திட்டம். எஞ்சின் கிடையாது. பாயும் துடுப்பும்தான். ஒரு படகில் கொஞ்சம் பேர்தான் ஏறலாம். பறவைகள் முட்டையிடும் மாதங்களில் நாணல் பக்கம் போகவே கூடாது. வேலை அத்தனையும் கரைக்காரர்களுக்கே.

டீக்கடையில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

"காசு குடுத்து மெதுவா போறதுக்கு எவன் மேடம் வருவான்?"

"ஏன், உன் மச்சான் ஓட்டுற பஸ்ஸுல தினம் ஏறலையா?" என்றது மூலையில் ஒரு குரல். மேடமும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி, கவிழ்ந்து கிடந்த படகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அவர் துறையில் பட்டறை போட்டதும், சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வேலை கேட்டுப் போனார்கள்.

பஞ்சக்காவும் போனாள். வரிசையில் கடைசியாக நின்றாள். என்ன வேலை தெரியும் என்று மேடம் கேட்டபோது, "பஞ்சு," என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருக்கும். அதில் பஞ்சுத்திரியை வைத்து, மழுங்கின உளியால் தட்டி உள்ளே இறக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசி மூடவேண்டும். இதற்குக் கலப்பத்து அடிப்பது என்று பெயர். அந்த வேலைக்கு அவளைப் போட்டார்கள்.

பட்டறையில் தலைமைத் தச்சர் ஒருவர் இருந்தார். எதைக் காட்டினாலும் முதலில் "சரியில்ல" என்பார். மரம் சரியில்ல, ஆணி சரியில்ல, டீ சரியில்ல, இன்றைக்குக் காற்று சரியில்ல. கடைசியில் ஊரே அவரைச் 'சரியில்ல அண்ணன்' என்று கூப்பிட ஆரம்பித்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பஞ்சக்காவின் இடுக்குகளைப் பேனாக்கத்தி முனையால் குத்திப் பார்த்துவிட்டு, முதல் நாளே சொன்னார்: "சரியில்ல. இது மெத்தை இல்ல பஞ்சக்கா. யாரும் இதுல படுத்துத் தூங்கப் போறதில்ல. தளர வை."

அவள் பிரித்துத் தளர வைத்தாள். விரல்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

முதல் படகு நல்லபடியாக இறங்கியது. ஆட்கள் வந்தார்கள். பைனாகுலரும் தொப்பியுமாக வந்து, காசு கொடுத்து, மெதுவாகவே போனார்கள். துறையில் டீ விற்றவருக்கும், விருந்தாளிகளின் துணி துவைத்தவளுக்கும், பாய் தைத்தவருக்கும் அடுப்பு எரிந்தது. அடுத்து எந்தப் படகு என்று பேச்சு வந்தபோது, மேடம் பஞ்சக்காவின் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றார். கோழிகளை விரட்டிவிட்டுப் படகை நிமிர்த்தினார்கள்.

"இது உங்க அப்பா படகா?"

அவள் தலையாட்டினாள்.

"படகு யாருதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் சுக்கான் வேலை முதல்ல. உங்க வீட்டுல ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? ஒரே ஒரு விஷயம், சீசன் தொடங்குறப்போ படகும் ஓடணும், ஆளும் இங்கயே குடியிருக்கணும். இல்லேன்னா அடுத்தவருக்குப் போயிடும்."

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். இவளாக அவனைக் கூப்பிடுவது அபூர்வம். யாருக்கு என்ன ஆச்சோ என்று அவன் பயந்துவிட்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள். 

"அக்கா, நிஜமாத்தான் சொல்றியா?"

"ம்."

"மாசச் சம்பளமா?"

"ம்."

"அந்தச் சுக்கான் கட்டையில நான் பல்லால கடிச்ச தழும்பு இருக்குமே, இருக்கா?"

"இருக்கு. பாத்தேன்."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ போனை வாங்குவது கேட்டது. தம்பி பெண்டாட்டி.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதே படகா?"

"அதேதான்மா. புதுசாக்கறாங்க."

"தண்ணி ஏறுமா?"

"மரம்னா..." என்று பஞ்சக்கா ஆரம்பித்தாள்.

"வேர்க்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க அண்ணி. மாமா அப்படிச் சொல்லிச் சொல்லியே என்னைப் பாதி ஆத்துல உக்கார வச்சாரு. இப்பக்கூடக் கனவுல கால் நனையுது. எனக்குன்னா பரவால்ல, இப்போ குழந்தை இருக்கு. அவர் தினம் அதுல போய்ட்டு வரணும், இவ 'நானும் வர்றேன் அப்பா'ன்னு ஓடுவா. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள பாத்தேன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு இங்கயே வந்துடுவேன். சொல்லிட்டேன்."

"ஏய், போனைக் குடு," என்றான் தம்பி.

"ஏறாதும்மா," என்றாள் பஞ்சக்கா. "ஒரு சொட்டும் ஏறாது."

தன் வாழ்நாளில் இவ்வளவு உறுதியாக அவள் எதையும் சொன்னதில்லை. போனை வைத்த பிறகு தன் குரல்தானா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அப்பாவின் படகில் வேலை தொடங்கியது. உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டார்கள். நல்லதாக இருந்த பழைய பலகைகளை அப்படியே விட்டார்கள். கலப்பத்து அடிக்கும் நாள் வந்தபோது, சரியில்ல அண்ணன் அவளைக் கூப்பிட்டுப் பலகையில் கை வைக்கச் சொன்னார். வெயிலில் கிடந்து கிடந்து அது எலும்பாகக் காய்ந்திருந்தது.

"முதல் படகு சேத்துலயே கிடந்தது, மரம் ஈரமா இருந்தது. இது அப்படி இல்ல. வருஷக்கணக்கா வெயில் தின்ன மரம். தண்ணியில விட்டா தாகத்துல கிடந்த மாடு மாதிரி குடிக்கும். குடிச்சா வயிறு ஊதும். ஊதறதுக்கு இடம் வேணுமா இல்லையா? அதனால இடுக்குல எடம் விட்டு, ஒரே ஒரு திரி, தளர. முதல் சில நாள் தண்ணி உள்ள வரும். வரட்டும். அள்ளி ஊத்திக்கலாம். பலகை ஊதி அதுவா மூடிக்கும்."

"எவ்வளவு வரும் அண்ணே?"

"மீன் வளக்கற அளவுக்கு வரும். ஏன், வலை போடப் போறியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.  படகை இறக்கும் நாளில் குடும்பத்தோடு வரும்படி மேடமே தம்பிக்குச் சொல்லியிருந்தார். மாமனார் அந்த ஒரு நாள்தான் அவனுக்கு லீவு கொடுப்பார். அன்றைக்குப் படகுக்குள் மீன் வளர்க்கிற அளவுக்குத் தண்ணீர் நின்றால், தம்பி பெண்டாட்டி கரையில் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அப்புறம் மூடிக்கொள்ளும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அன்றைக்குக் கண்ணால் பார்ப்பதுதான் அவளுக்குப் படகு.

இதை யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இறக்குகிற நாளை முன்னால் வைத்துக்கொண்டு, அவர்களைச் சில நாள் கழித்து வரச் சொல்லியிருக்கலாம். மேடம் முடியாது என்றிருக்கமாட்டார். ஆனால் அதற்கு அவள் நாலு பேர் இருக்கிற இடத்தில் எழுந்து நின்று, 'என் தம்பி வீட்டில் இப்படி' என்று ஆரம்பிக்க வேண்டும். அது அவளால் ஆகாத காரியம்.

சரியில்ல அண்ணன் சொன்னபடியே ஒற்றைத் திரி வைத்துத் தளர அடித்தாள். அவர் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் மரம் வாங்க வெளியூர் கிளம்பினார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மட்டும் படகுக்கு அடியில் படுத்தாள். திரியை எடுத்தாள், இடுக்கில் வைத்தாள், கொட்டாப்புளியால் உளியைத் தட்டினாள். திரி போன இடத்துக்குள் இன்னொரு திரி. விரல்களுக்கு வீட்டுக்கு வந்துசேர்ந்த நிம்மதி. கடைக்காரர் முழங்கையை ஊன்றினாலும் இனி உள்ளே போகாது. இந்தப் பக்கம் முடித்து அந்தப் பக்கம் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் திரும்பியபோது, மேலே குங்கிலியம் பூசிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சக்கா சாப்பிடலையா?"

"பசிக்கல."

பூச்சு காய்ந்தது, அதன்மேல் சாயம் ஏறியது. பார்ப்பதற்கு எல்லா இடுக்கும் ஒரே மாதிரி இருந்தது.

படகை இறக்கிய அன்று நல்ல வெயில். தம்பி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் மகள் வந்ததும் வராததுமாக, "அத்தை, இதுதான் அப்பா பல்லால கடிச்ச படகா?" என்று கேட்டுச் சுக்கானைத் தேடி ஓடினாள். அம்மாக்காரி அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

உருளைக் கட்டைகளின்மேல் தள்ளினார்கள். படகு தண்ணீரைத் தொட்டது, கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தது, பிறகு அங்கேயே பிறந்ததுபோல் நின்றது. சரியில்ல அண்ணன் டப்பாவோடு உள்ளே குதித்து அடிப்பலகையைத் தூக்கினார். அவர் முகம் மாறியது.

"தண்ணியைக் காணோமே," என்றார்.

"நல்லதுதானே அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள். "இப்பவாவது சரியா இருக்குன்னு ஒரு தடவை சொல்லேன்!"

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலை இடுக்கில் ஓட்டிப் பார்த்தார், பூச்சுதான் தட்டுப்பட்டது. பஞ்சக்கா பக்கம் திரும்பினார். அவள் தம்பி பெண்டாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் துறையின் விளிம்பில் குனிந்து, படகுக்குள் எட்டி எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு மற்றக் கால். பலகையின்மேல் உட்கார்ந்து, உள்ளங்கையால் அடியைத் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணி," என்றாள், "காஞ்சு கிடக்கு!"

அப்போது அவள் சிரித்த சிரிப்பைப் பஞ்சக்கா அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. தம்பி சுக்கானைப் பிடித்து நின்றான். அவன் தோள் இரண்டும் தானாக இறங்கின, ட்யூபைத் தூக்கித் தூக்கி உயர்ந்துபோயிருந்த தோள்கள்.

ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிடுவதாக முடிவாயிற்று. பஞ்சக்கா அவர்களுக்காக முன்னறையைக் கழுவினாள். குழந்தைக்கு ஒரு சின்ன மெத்தை தைத்தாள்.

படகைப் பலகை ஊறுவதற்காகத் துறையிலேயே கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டொரு நாள் கழித்து, காலையில் அவள் துறைக்கு வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. விரலில் சொடக்கு எடுப்பது மாதிரி. அவள் நின்றாள். கயிறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அதே சத்தம், இன்னும் அடுத்தடுத்து. கயிறு அப்படிச் சத்தம் போடாது, ஊத இடமில்லாமல் நெருக்குகிற பலகைதான் போடும் என்று அவளுக்குத் தெரியும். சரியில்ல அண்ணன் பட்டறைக்குள்தான் இருந்தார். பத்து எட்டு நடந்தால் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் படகைத் தூக்குவார்கள், பஞ்சைப் பிடுங்குவார்கள், திரும்ப விட்டால் தண்ணீர் ஏறும். தம்பி அன்றைக்குத்தான் மாமனாரிடம் பேசப்போகிறான். நாளைக்குச் சொல்லலாம் என்று அவள் உளியை எடுத்துக்கொண்டு அடுத்த படகுக்குப் போனாள்.

நாளைக்கு என்ற ஒன்றைப் படகு கொடுக்கவில்லை. மறுநாள் விடிந்து வெளிச்சம் வரும்போது ஆணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று தெறித்தன. அவள் ஓடிப்போய் உள்ளே குதித்தாள். பஞ்சை வெளியே இழுக்கப் பார்த்தாள். ஊதிய பலகைகள் அதைப் பல்லால் கடித்ததுபோல் பிடித்து வைத்திருந்தன. நகம் பெயர்ந்ததே தவிர நூல் வரவில்லை. அவள் காலுக்குக் கீழே ஒரு பலகை சட்டத்தைவிட்டு எழுந்தது. அந்த வழியாக ஆறு உள்ளே வந்தது. யாரோ அவளைக் கரைக்கு இழுத்தார்கள். அப்பாவின் படகு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. துறையில் ஆழமில்லாததால் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

மேலே தூக்கிப் பார்த்தபோது பலகை மட்டும் போகவில்லை, உள்ளே இருந்த சட்டங்களும் விலா எலும்புபோல் வரிசையாக உடைந்திருந்தன. சரியில்ல அண்ணன் ஒரு இடுக்கைக் கொத்தித் திரியை வெளியே எடுத்தார். திரிக்கு அடியில் திரி. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். 'சரியில்ல' என்ற வார்த்தையை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

"மேடம்," என்றாள் பஞ்சக்கா. எல்லோரும் திரும்பினார்கள். "அண்ணன் சொன்னாரு. நான்தான் கேக்கல. சாப்பாட்டு நேரத்துல இன்னொரு திரி அடிச்சேன்."

மேடம் அவளுடைய விரல்களைப் பார்த்தார். நகம் போன இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. "ஏன்?" என்று கேட்டார். அவள் உடைந்த சட்டத்தைக் கையால் தடவினாள். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே ஏதாவது செய்யணும்னா சொல்லிட்டுச் செய்ங்க," என்றார். பிறகு தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த சீசனுக்கு இது ஓடாது," என்றார்.

மேடத்திடம் சொல்ல முடிந்தது, தம்பியிடம் முடியவில்லை. போன் செய்து படகு உடைந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவன் அதற்கு முந்தின நாளே மாமனாரிடம் பேசிவிட்டிருந்தான். வருடக்கணக்கில் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசியிருந்தான். 'படகோட்டிதான், படகோட்டவே போறேன்' என்று ஸ்பானரைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருந்தான். திரும்பிப் போக அங்கே வாசல் இல்லை.

மூட்டை முடிச்சோடு வந்து முன்னறையில் இறங்கினார்கள். அவன் துறைக்குப் போய்ப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். திரும்பி வந்து, கை கழுவிக்கொண்டே சொன்னான்:

"மரம் கிழடாயிடுச்சுக்கா. அப்பா காலத்து மரம், என்ன பண்ணும். நீ மனசைப் போட்டு உழப்பிக்காத. உன் கை பட்ட வேலையில குத்தம் வராது, எனக்குத் தெரியாதா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி பெண்டாட்டி குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலாம். அவள் பஞ்சக்காவின் கட்டுப்போட்ட விரல்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க அதுக்குள்ள இருந்தீங்களாமே அண்ணி. உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா என்ன பண்றது? போகட்டும், விடுங்க. ஆனா ஒண்ணு, இனி அந்தப் படகு பேச்சு மட்டும் என் காதுல விழக் கூடாது. இவரையும் விடமாட்டேன், பிள்ளையையும் விடமாட்டேன்."

குழந்தை புது மெத்தையில் குதித்துக்கொண்டிருந்தது. "அத்தை, இது கல்லு மாதிரி இருக்கு!" என்றது.

தூரத்தில் ஒரு சுரங்கத்தில் பெரிய லாரிகளுக்கு டயர் மாற்றும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அங்கே ஆறு கிடையாது. தண்ணீர்கூட லாரியில்தான் வரும். பஸ் ஏறும்போது, சின்ன வயதில் அவள் இடுப்பைவிட்டு இறங்காமல் பிடித்துக்கொள்வானே, அதே மாதிரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். டிரைவர் ஹாரன் அடித்த பிறகு விட்டான். பின்னாலேயே மெத்தையைச் சுருட்டித் தூக்கி வந்தவளிடம், "அதை எங்கக்கா வைக்கிறது, நீயே வச்சுக்க," என்றான்.

அடுத்த சீசனுக்குள் படகைத் திரும்பக் கட்டினார்கள். கலப்பத்தை அவள்தான் அடிக்கவேண்டும் என்று சரியில்ல அண்ணன் பிடிவாதமாகச் சொன்னார். ஒற்றைத் திரி, தளர. இறக்கியதும் தண்ணீர் உள்ளே வந்தது, அவள் கரையில் உட்கார்ந்து அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதறினார்கள். "குடிக்கட்டும்," என்றாள். சில நாளில் அதுவாக மூடிக்கொண்டது. சுக்கான் எதிர்க்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவருக்குப் போனது. நல்ல மனிதர். பல் தழும்பு இருந்த கட்டையை மாற்றவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதும், ஏன் என்றுகூடக் கேட்காமல் சரி என்றார்.

இன்றைக்குத் துறையில் வரிசையாகப் படகுகள் நிற்கின்றன. எந்தக் கதவைத் தட்டினாலும் படகு வேலைக்குப் போகிற ஒருவர் இருக்கிறார். அவளுடைய முன்னறையில் மட்டும் சுருட்டிய சின்ன மெத்தை கிடக்கிறது.

ஒரு விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு வந்தான். தலையில் பாதி முடி நரைத்திருந்தது. துறையைப் பார்க்க வேண்டும் என்றான். பெண்டாட்டி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குத் தள்ளியே நின்றாள். குழந்தை இப்போது வளர்ந்திருந்தது, முன்போல் ஓடவில்லை.

சுக்கான்காரர், "வா தம்பி, கொஞ்ச நேரம் பிடி," என்றார்.

"வேணாம்ணே. பழக்கம் விட்டுப்போச்சு," என்றான்.

படகின் நடுவில், அப்பா குந்துகிற இடத்தில் போய் உட்கார்ந்தான். பஞ்சக்கா எதிரே உட்கார்ந்தாள். அவன் கை தானாக அடிப்பலகையைத் தூக்கியது. கையை உள்ளே விட்டான். விரல் நனைந்து வந்தது.

"தண்ணி இருக்குக்கா."

"இருக்கும். மரம்னா..."

"வேர்க்கும்," என்று அவனே முடித்துச் சிரித்தான்.

பிறகு சிரிப்பு நின்றது. இத்தனை வருடமாக ஓட்டை தேடித் தேடிப் பழகிய கண். நனைந்த விரலைப் பார்த்தான். இடுக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அன்னைக்கு இல்லையே. புதுசா இறக்கின அன்னைக்கு ஒரு சொட்டுகூட இல்லையே. ஏன்க்கா?"

அவள் வாயைத் திறந்தாள். நகம் கோணலாக முளைத்திருந்த விரல்களை மடியில் மடக்கிக்கொண்டாள். ஆற்றில் ஒரு படகு பாய் விரித்துக்கொண்டு மெதுவாகப் போனது. அவன் அந்த விரல்களையே பார்த்தான். எதையும் இறுக்கியே அடைக்கிற விரல்கள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அடிப்பலகையைத் திரும்ப வைத்து, நாலு மூலையிலும் உள்ளங்கையால் அழுத்தினான்.

கரையிலிருந்து பெண்டாட்டியின் குரல் வந்தது. "என்னங்க, உள்ள தண்ணி இருக்கா?"

தம்பி ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இல்ல," என்று அக்காவைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னான். "ஒரு சொட்டும் இல்ல."